கார்பன் விலைக்கு யார் தோள் கொடுப்பார், யார் காலை வாருவார்: காலநிலைக் கொள்கையின் அரசியல் பொருளாதாரத்தை ஆராயும் முறை

ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் என்று கார்பன் விலை, அதாவது வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கான கட்டணம், நடைமுறைக்கு வந்தது. 2014 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சுவீடன் 1991-இல் போட்ட கார்பன் வரி இன்றும் நிற்கிறது. விகிதமும் பல மடங்கு ஏறியிருக்கிறது. பொருளாதாரப் பாடத்தில் இரண்டும் ஒரே கருவிதான். ஒன்று நிலைக்கவும் மற்றொன்று சாயவும் காரணம் தேடுகிறவர் மூன்றைப் பார்க்க வேண்டும்: செலவு யார் தலையில் விழுந்தது, எப்போது விழுந்தது, முடியாது என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் டன் கணக்கு, அடுத்து பணம், அடுத்து சொத்து, அடுத்து சட்டம் போகும் பாதை, கடைசியில்தான் பேச்சும் பேட்டியும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அறிக்கைகளையும் உரைகளையும் முதலில் குவித்துக்கொண்டு, எதை நம்புவது என்று தெரியாமல் ஆறு மாதத்தை இழக்கிறார்கள்.

கேள்வியை ஒரே முடிவாகச் சுருக்குதல்

“அரசுகள் ஏன் காலநிலை விஷயத்தில் மெத்தனமாக இருக்கின்றன?” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. அதற்கு என்ன விடை சொன்னாலும் பொருந்தும். தவறு என்று காட்ட வழியில்லை. நான்கு இடங்களை நிரப்பிப் பாருங்கள்: எந்தக் கொள்கை, அதில் எந்த முடிவு, யார் எடுத்தது, எந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே. “இந்த மசோதாவின் முதல் வரைவில் இல்லாத இலவச ஒதுக்கீடு (காசில்லாமல் தரும் உமிழ்வு அனுமதி) மூன்றாவது வரைவில் சிமெண்ட் துறைக்கு மட்டும் எப்படி வந்தது?” என்ற அளவுக்குக் குறுகினால் வேலை தொடங்கலாம்.

கூடவே ஒப்பிட இன்னொரு நிகழ்வு வேண்டும். கிட்டத்தட்ட எல்லாம் ஒன்றாக இருந்து ஓரிரு கூறுகள் மட்டும் மாறிய இணை கிடைத்தால் அதிர்ஷ்டம். சுவிட்சர்லாந்து அப்படி ஒரு இணையைத் தருகிறது. 2021 ஜூன் 13-இல் திருத்தப்பட்ட கார்பன் சட்டத்தை வாக்காளர்கள் 51.6 சதவீதம் எதிர்த்து நிராகரித்தார்கள். 2023 ஜூன் 18-இல் அதே வாக்காளர்கள் காலநிலைச் சட்டம் ஒன்றை 59.1 சதவீத ஆதரவோடு ஏற்றார்கள். முதல் சட்டத்தில் வாகன எரிபொருளின் விலையை ஏற்றும் பிரிவும் விமானப் பயணச் சீட்டுக் கட்டணமும் இருந்தன. இரண்டாவதில் புதிய வரி இல்லை. பழைய எண்ணெய், எரிவாயு வெப்பமூட்டிகளை மாற்ற 10 ஆண்டுகளில் 200 கோடி பிராங்க் உதவி இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் உக்ரைன் போரும் எரிவாயு நெருக்கடியும் வந்தன என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இணை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நடுவில் உலகம் நின்றுவிடுவதில்லை.

டன் கணக்கும் பணக் கணக்கும்

ஒரு விரிதாளைத் திறந்து, கொள்கை தொடும் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தொடக்கக் கணக்குக்கு இந்த எண்கள் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. நிலக்கரி மின்நிலையத்தில் ஒரு மெகாவாட் மணிக்கு 0.9 முதல் 1 டன் வரை. நவீன எரிவாயு நிலையத்தில் 0.4 டன்னுக்குச் சற்றுக் கீழே. ஊதுலை வழி எஃகு டன்னுக்குச் சுமார் 2 டன். சிமெண்ட் டன்னுக்குச் சுமார் 0.6 டன், அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து அல்ல, சுண்ணாம்புக்கல் வேதிமாற்றத்திலிருந்தே வருகிறது. அதனால்தான் எரிபொருளை மாற்றினாலும் சிமெண்ட் ஆலை தப்ப முடிவதில்லை.

கார்பன் விலை டன்னுக்கு 50 டாலர் என்று வைத்தால், பெட்ரோல் லிட்டருக்கு 11.5 சென்ட் ஏறும். எஃகு டன்னுக்கு 100 டாலர், சிமெண்ட் டன்னுக்கு 30 டாலர் கூடும். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 5 சென்ட் ஏறும், எரிவாயு மின்சாரம் 2 சென்ட்தான். அந்த 3 சென்ட் வித்தியாசம் மின்சந்தையில் எந்த நிலையம் முதலில் ஓடுவது என்ற வரிசையையே மாற்றிவிடும். 25, 50, 100 டாலர் என்று மூன்று விலைக்கும் இதே கணக்கைப் போட்டு வையுங்கள். முடிவு எந்த விலையில் புரள்கிறது என்பது பின்னால் தேவைப்படும்.

வெறும் டாலர் தொகை அரசியலைச் சொல்லாது. அதைத் துறையின் மதிப்புக் கூட்டலாலும் (விற்பனையில் வாங்கிய பொருள்களின் செலவு போக மிஞ்சுவது) லாபத்தாலும் வகுத்துப் பாருங்கள். பிறகு கேட்க வேண்டியது, அந்தச் செலவை வாங்குபவர் மீது ஏற்ற முடியுமா என்பது. சிமெண்ட் கனமான, விலை குறைந்த சரக்கு; நிலவழியாக வெகுதூரம் கொண்டுபோனால் கட்டாது. எஃகு உலகச் சந்தையில் விலை போடப்படுவது. ஆகவே “ஆலை வெளிநாட்டுக்குப் போய்விடும்” என்று இரண்டு துறையும் ஒரே குரலில் சொன்னாலும், அந்த வாதத்தின் எடை ஒன்றல்ல. துறைமுகத்துக்குப் பக்கத்து சிமெண்ட் ஆலைக்கும் உள்நாட்டின் நடுவே இருக்கும் ஆலைக்கும்கூட வித்தியாசம் உண்டு.

ஏற்றிவிடும் திறனைக் கவனிக்காதவர்கள் ஐரோப்பிய உமிழ்வுச் சந்தையின் முதல் கட்டத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது. 2005-இல் தொடங்கிய அந்தச் சந்தையில் மின்நிலையங்களுக்கு அனுமதிச் சீட்டுகள் (ஒரு சீட்டு, ஒரு டன் உமிழும் உரிமை) பெரும்பாலும் இலவசமாகவே தரப்பட்டன. இலவசமாக வந்ததுதானே, மின் விலை ஏன் ஏற வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒரு சீட்டைச் சந்தையில் 20 யூரோவுக்கு விற்க முடியும் என்றால், அதை எரித்துத் தீர்ப்பது 20 யூரோவை விட்டுக்கொடுப்பதற்குச் சமம். நிலையம் அந்த 20 யூரோவை மின்சந்தையில் தான் கேட்கும் விலையில் சேர்த்தது. நுகர்வோர் கொடுத்தார்கள், நிலையங்களுக்கு எதிர்பாராத லாபம் குவிந்தது. பின்னர் 2013 முதல் மின்துறைக்கு, சில நாடுகளுக்கான விலக்கு நீங்கலாக, சீட்டுகளை ஏலத்தில் வாங்குவதே விதியானது. சுமை என்று காகிதத்தில் எழுதப்பட்டது கையில் வரவாக மாறக்கூடும். ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

எண்களில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் தெரிந்தவைதான், ஆனாலும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. சில ஆவணங்கள் ஒரு டன் ‘கார்பனுக்கு’ விலை சொல்லும், சில கார்பன் டை ஆக்சைடுக்கு. ஒரு டன் கார்பன் 44-ஐ 12-ஆல் வகுத்தால் வரும் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இதைக் கவனிக்காவிட்டால் முழு அட்டவணையும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு தவறும். அமெரிக்க ஆவணங்களில் வரும் குறுடன் 0.907 மெட்ரிக் டன்தான். மீத்தேனின் வெப்பமூட்டும் திறனைக் கார்பன் டை ஆக்சைடைப்போல 100 ஆண்டுக் கணக்கில் 28 மடங்கு என்றும் 20 ஆண்டுக் கணக்கில் 84 மடங்கு என்றும் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கை எடுத்தது. எரிவாயு, கால்நடை சார்ந்த துறைகளில் எந்தக் கணக்கு என்று எழுதாத அட்டவணைக்கு அர்த்தமில்லை. நிறுவன அறிக்கைகளின் ஸ்கோப் 1 (சொந்த ஆலையின் உமிழ்வு), 2 (வாங்கிய மின்சாரத்தினுடையது), 3 (வாங்குவோர், விற்போர் சங்கிலியினுடையது) உமிழ்வுகளைத் துறை முழுவதற்கும் கூட்டாதீர்கள். ஒருவரின் ஸ்கோப் 1, வேறொருவரின் ஸ்கோப் 3 ஆக மறுபடி வரும். துறைக் கூட்டலுக்கு ஸ்கோப் 1 மட்டும்.

குடும்பங்களின் கணக்கில் சராசரி ஏமாற்றும். வருமானத்தால் பத்துப் பங்காகப் பிரிப்பதோடு நிறுத்தாமல், பேருந்து இருக்கும் ஊர், இல்லாத ஊர் என்றும் பிரியுங்கள். பிரான்சில் 2018-இல் எரிபொருள் மீதான கார்பன் கூறு டன்னுக்கு 44.60 யூரோ, 2019-இல் 55 ஆக வேண்டியிருந்தது. 2018 நவம்பர் 17-இல் மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் சாலைச் சந்திப்புகளை அடைத்தார்கள், உயர்வு நின்றது. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்கள் நிறைந்த பகுதிகள் சராசரிக் கணக்கில் தெரிவதே இல்லை. கணக்கு சரியாக இருந்தும் அரசியல் தோற்பதும் உண்டு. கனடாவில் எரிபொருள் கட்டணப் பணத்தில் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திரும்பியது. பெரும்பாலான குடும்பங்கள் கட்டணமாகக் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே பெற்றன. ஆனாலும் விலை ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கண்ணில் பட்டது. திரும்பி வந்த பணம் 2022 ஜூலைக்கு முன் ஆண்டுக்கொரு முறை வருமான வரிக் கணக்கில் கரைந்தது. அதன்பின் காலாண்டுக்கொரு முறை வந்தும், 2024-இல் பெயரை மாற்றியும், 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் கட்டணம் பூஜ்ஜியமாக்கப்பட்டது. ஆகவே விரிதாளில் ‘எவ்வளவு’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘எப்போது, எந்தப் பெயரில், கண்ணில் படுகிறதா’ என்று இன்னொரு பத்தி வைத்தே ஆக வேண்டும்.

சொத்தைப் பார்த்தால் நிலைப்பாடு தெரியும்

துறை முழுவதும் ஒரே பக்கம் நிற்கும் என்று எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமான பிழை. ஒவ்வொரு பெரிய நிறுவனத்துக்கும் மூன்று தகவல் சேகரியுங்கள்: சொத்து எந்த எரிபொருளைச் சார்ந்தது, எத்தனை வயது, எவ்வளவு கடன் மீதம். நாற்பது ஆண்டு ஓடக்கூடிய நிலக்கரி நிலையம் முப்பத்தெட்டாவது ஆண்டில் இருந்தால் அதன் உரிமையாளர் இழப்பீடு கேட்டு ஒதுங்கிக்கொள்வார். மூன்றாவது ஆண்டில் இருந்தால் இறுதிவரை போராடுவார், கடன் கொடுத்த வங்கியும் கூட நிற்கும்.

2009-இல் அமெரிக்க வர்த்தக சபையின் காலநிலை எதிர்ப்பைக் காரணம் காட்டி எக்ஸலான் என்ற மின் நிறுவனம் அதிலிருந்து வெளியேறியது. அதன் உற்பத்தியில் பெரும்பங்கு அணுமின்சாரம். கார்பனுக்கு விலை வந்தால் போட்டியாளருக்குத்தான் செலவு. 2015-இல் ஐரோப்பிய எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் ஆறு சேர்ந்து கார்பன் விலை வேண்டும் என்று கடிதம் எழுதின. அவற்றின் எரிவாயு இருப்பையும், நிலக்கரிக்கும் எரிவாயுக்கும் நடுவே மேலே பார்த்த 3 சென்ட்டையும் பக்கத்தில் வைத்தால் கடிதம் புரியும். கொள்கையளவில் ஆதரவு, குறிப்பிட்ட மசோதாவுக்கு எதிர்ப்பு என்பதும் நடக்கும். அந்த ஆறில் ஒன்றான பிபி, 2018-இல் வாஷிங்டன் மாநிலக் கார்பன் கட்டண வாக்கெடுப்பை எதிர்த்துச் சுமார் 1.3 கோடி டாலர் செலவிட்டது. சில பெரிய உமிழ்வாளர்களுக்கு விலக்குத் தருகிறது என்று காரணம் சொன்னது. இதைப் பார்த்தவுடன் ‘வேஷம்’ என்று எழுதிவிடாதீர்கள். சொன்ன காரணத்தை மசோதாவின் பிரிவுகளோடு வைத்துச் சரிபாருங்கள், அந்த விலக்குகள் இல்லாத வேறு மசோதாவுக்கு அதே நிறுவனம் என்ன செய்தது என்றும் பாருங்கள். இரண்டாவது சோதனைதான் உண்மையைப் பேசவைக்கும்.

ஆதாயப் பக்கம் எப்போதும் மெலிந்தே தெரியும். பொருளாதார அறிஞர் மான்கர் ஓல்சன் 1965-லேயே விளக்கியதுபோல, பலருக்குச் சிறிதளவாகப் பரவும் நன்மைக்காக யாரும் திரண்டு வருவதில்லை. சிலர்மேல் குவியும் இழப்புக்குத் திரள்வார்கள். அதனால் கொள்கைக்குள் ‘குவிந்த ஆதாயம்’ எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஜெர்மனியின் 2000-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் 20 ஆண்டுக்கு நிலையான கொள்முதல் விலை தந்தபோது, கூரை வைத்திருந்தவர்களும் விவசாயிகளும் கூட்டுறவுகளும் அந்தச் சட்டத்தின் பங்குதாரர்களாக மாறினார்கள். ஆனால் ஆதாயம் பெறுவோர் இருந்துவிட்டால் கொள்கைக்கு அழிவில்லை என்று எழுதுவதற்கு முன் அமெரிக்காவைப் பாருங்கள். 2022-இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் தூய ஆற்றலுக்குத் தந்த வரிச்சலுகைகளை முழுதாக நீக்க வேண்டாம் என்று 2024 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் 18 அவை உறுப்பினர்கள் கடிதம் எழுதினார்கள். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் அவற்றில் பலவற்றை வெட்டியது, மின்கார் சலுகை அந்த ஆண்டு செப்டம்பர் 30-உடன் முடிந்தது. தொகுதிக்கு வந்த முதலீட்டைவிடக் கட்சிக் கட்டுப்பாடு கனமாக இருந்தது.

சட்டம் போகும் பாதை

ஒரு தாளில் மசோதா பிறந்த இடத்திலிருந்து அமலாகும் இடம்வரை கோடு போட்டு, நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒவ்வொரு இடத்தையும் வட்டமிடுங்கள்: அமைச்சகம், குழு, அவை, மேலவை, மாநிலங்கள், நீதிமன்றம், வாக்கெடுப்பு. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எத்தனை வாக்கு தேவை என்று எழுதுங்கள். பல ஆய்வுகள் இதை ஒரு பத்தியில் கடந்துபோவது பெரிய இழப்பு, ஏனென்றால் எந்தக் கருவி தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதையே இந்த எண்தான் பல சமயம் தீர்மானிக்கிறது.

ஐரோப்பிய ஆணையம் 1992-இல் கார்பன், எரிசக்தி வரியை முன்மொழிந்தது. வரி விஷயத்தில் எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும்; அது நடக்கவில்லை. உமிழ்வுச் சந்தை சுற்றுச்சூழல் சட்டமாக வந்தது, பெரும்பான்மை போதும். சந்தைதான் சிறந்த கருவி என்று பொருளாதார அறிஞர்கள் முடிவு செய்ததால் மட்டும் ஐரோப்பா அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அமெரிக்காவில் 2009 ஜூன் 26-இல் உமிழ்வுக்கு வரம்பு போடும் வாக்ஸ்மன்–மார்க்கி மசோதா கீழவையில் 219-க்கு 212 என்று தப்பித்தது. விவாதத்தை முடிக்க 60 வாக்கு தேவைப்படும் செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2022-இல் அதே செனட்டில் துணை அதிபரின் வாக்கோடு 51-க்கு 50 என்று, மேலே பார்த்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் நிறைவேறியது. அது பட்ஜெட் இணக்க நடைமுறையில் போனதால் சாதாரணப் பெரும்பான்மை போதுமாயிற்று. வரவு செலவைத் தொடாத எதையும் அதில் வைக்க முடியாது என்பதால் உமிழ்வு வரம்புக்குப் பதில் வரிச்சலுகைகள் வந்தன. வாக்குக் கணக்கைப் பார்க்காமல் ‘அமெரிக்கர்களுக்கு வரியைவிட மானியம் பிடிக்கும்’ என்று முடிவு கட்டுகிறவர் நடைமுறையைக் கலாசாரம் என்று எண்ணிவிடுகிறார்.

ஆவணங்கள்

இப்போதுதான் அவர்கள் சொன்னதைப் படிக்க வேண்டும். அதிலும் முதலிடம் வரைவுகளுக்கு. எல்லா வரைவுகளையும் தேதிவாரியாக அடுக்கி, பிரிவு பிரிவாக ஒப்பிட்டு, மாறிய ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிரே அந்த மாற்றத்தைக் கேட்டு வந்த கருத்துரைகளைப் பதியுங்கள். கருத்துரையின் வாசகமும் அடுத்த வரைவின் வாசகமும் சொல்லுக்குச் சொல் பொருந்தினால் வலுவான தடயம். ஆனால் பொருத்தம் மட்டும் செல்வாக்கு ஆகாது. அமைச்சகமே அதைச் செய்ய முன்பே நினைத்திருக்கலாம். கருத்துரைக்கு முந்தைய உள்குறிப்புகளைத் தகவல் உரிமை வழியில் கேட்டுப் பெறுங்கள்.

கருத்துரைகளை வகைப்படுத்த, முதலில் 30 ஆவணத்தைப் படித்து குறியீட்டு ஏட்டை, அதாவது எதை எந்த வகையில் சேர்ப்பது என்ற விதிகளை, உருவாக்குங்கள். பிறகு மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதத்தை இருவர் தனித்தனியே குறியிட வேண்டும். இருவரின் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹன் கப்பா 0.7-க்குக் கீழே இருந்தால் ஏட்டில்தான் கோளாறு, ஆளிடம் அல்ல. பெரும்பாலும் ‘நிபந்தனையோடு ஆதரவு’ என்ற வகையில்தான் இருவரும் பிரிவார்கள். அதை ‘எந்த நிபந்தனை’ என்று உடைத்தால் எண் ஏறும்.

அரசைத் தன் பக்கம் திருப்ப நிறுவனங்கள் செய்யும் லாபிச் செலவுத் தரவை அளவோடு நம்புங்கள். அமெரிக்கப் பதிவுகள் 2008 முதல் காலாண்டுக்கொரு முறை வருகின்றன. நிறுவனம் மொத்தம் எவ்வளவு செலவிட்டது, எந்தத் தலைப்புகளில் பேசியது என்று அவை சொல்லும். எந்த மசோதாவுக்கு எவ்வளவு, ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லாது. மொத்தத் தொகையைத் தலைப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து ‘காலநிலை லாபிச் செலவு’ என்று எழுதுவது உங்கள் அனுமானம். அப்படிச் செய்தால் அனுமானம் என்றே எழுதுங்கள். பதிவில் பெயர் இல்லாத நிறுவனம் அக்கறையற்றது என்றும் கொள்ள முடியாது. கடுமையான நிலைப்பாடுகள் பெரும்பாலும் துறைச் சங்கத்தின் பெயரில்தான் வரும்.

முடிவு நிறுவனங்களைத் தாக்கியதா என்று பங்குச்சந்தையை வைத்துச் சோதிக்க விரும்பினால்: முடிவு வெளியான நாளுக்கு ஒரு நாள் முன்னும் ஒரு நாள் பின்னும் சாளரம், அதற்கு முந்தைய 120 முதல் 250 வர்த்தக நாள்களில் சந்தைக் குறியீட்டோடு பங்கு விலையின் உறவைக் கணித்து, அந்த உறவின்படி வந்திருக்க வேண்டிய மாற்றத்தைக் கழித்து, வழக்கத்துக்கு மாறான ஏற்ற இறக்கத்தை எடுங்கள். மூன்று இடத்தில் இது சறுக்கும். முடிவு முன்பே எதிர்பார்க்கப்பட்டிருந்தால் விலை அசையாது, அதனால் தாக்கம் இல்லை என்று பொருளல்ல. அதே நாளில் எண்ணெய் விலை புரண்டிருந்தால் அதையும் மாதிரியில் சேர்க்க வேண்டும். எல்லா நிறுவனத்துக்கும் நிகழ்வு ஒரே நாளில் நடப்பதால் பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆடும். நிறுவனங்களைத் தனித்தனி சாட்சிகளாக எண்ணினால் இல்லாத உறுதி தெரியும். எடையிட்ட ஒரே தொகுப்பாக்கிச் சோதிப்பது நேர்மையானது.

பேட்டிகள் 15 முதல் 25 போதும். தோற்றவர்களை விட்டுவிடாதீர்கள். “ஏன் எதிர்த்தீர்கள்?” என்று கேட்டால் பத்திரிகைக் குறிப்பு பதிலாக வரும். “இந்தத் தேதி வரைவில் இந்தச் சொல் மாறியிருக்கிறது, அன்று அறையில் யார் இருந்தார்கள்?” என்று வரைவைக் கையில் வைத்துக் கேளுங்கள்.

போட்டி விளக்கங்கள்

தரவைத் திறப்பதற்கு முன்பே இரண்டு மூன்று விளக்கங்களை எழுதி, ஒவ்வொன்றும் உண்மையானால் என்ன தடயம் இருக்க வேண்டும் என்று குறித்து, தேதி போட்டு வையுங்கள். ஐரோப்பிய முதல் கட்டம் இங்கும் உதவும். 2006 ஏப்ரலில் சரிபார்க்கப்பட்ட உமிழ்வு எண்கள் வெளிவந்ததும், தரப்பட்ட சீட்டுகள் உமிழ்வைவிட அதிகம் என்று தெரிந்து விலை சரிந்தது. அந்தச் சீட்டுகளை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக அனுமதி இல்லாததால் 2007-இல் கிட்டத்தட்ட பூஜ்ஜியமானது. மிகையாகக் கொடுத்ததற்குக் காரணம் துறைகளின் அழுத்தமா, 2005-க்கு முன் நம்பகமான தரவு இல்லாததா? தரவுக் குறைதான் என்றால் மிகை எல்லாத் துறைகளிலும் சிதறி இருக்க வேண்டும். அழுத்தம் என்றால் வெளிநாட்டுப் போட்டியைக் காட்டி வாதாட முடிந்த துறைகளில் குவிய வேண்டும். மின்துறைக்குத் தேவையைவிடக் குறைவாகவும் உற்பத்தித் தொழில்களுக்கு அதிகமாகவும் கிடைத்திருந்தது. மொத்த மிகையில் ஒரு பகுதியைத் தரவுக் குறை விளக்கலாம். துறைகளுக்கிடையே அது பிரிந்த விதத்தை விளக்காது. இப்படிப் பங்கு பிரித்து எழுதும் முடிவுக்குத்தான் எதிர்க்கேள்வியைத் தாங்கும் பலம் உண்டு.

எழுதும்போது ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். ஆற்றல் நிறுவனமோ சுற்றுச்சூழல் அறக்கட்டளையோ, இரண்டுக்கும் ஒரே விதி. மேற்கோள் காட்டிய ஒவ்வொரு இணையப் பக்கத்தையும், வரைவையும், பதிவேட்டு விவரத்தையும் எடுத்த தேதியோடு நகலெடுத்து வையுங்கள். ஆட்சி மாறும்போது முதலில் மறைவது அமைச்சகத்தின் பழைய வரைவுகள்தான்.